அடுத்து எதைப் போடலாம்?

சத்துணவுக் கூடத்து அக்காவிடம் அன்னக்கூடையை இரவல் கேட்டால் முதலில் ஒரு முறைப்பு வரும். "நாளைக்குச் சாம்பார்ல மண்ணு வாசனை அடிச்சா என்னைக் கேக்கக் கூடாது" என்பார். அப்புறம் அவரே அதைக் கழுவித் துடைத்து, இடுப்பில் வைத்து வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வருவார். வந்தவர் திரும்பிப் போக மாட்டார். வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார்.

எங்களுடையது திருவாரூர் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். மூன்று வகுப்பும் சேர்த்து 24 பிள்ளைகள், ஒரே அறை, நான்கு பாய். ஒன்றிலும் இரண்டிலும் சூழ்நிலையியல் என்று இருப்பது மூன்றில் அறிவியல் என்று பெயர் மாறும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தண்ணீர் வைத்த பாத்திரம் வந்துவிட்டால் மூன்று வகுப்பும் ஒரே வகுப்புதான்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். அன்னக்கூடையில் முக்கால் வாசி தண்ணீர். பக்கத்தில் ஒரு முழுப் பறங்கிக்காய், ஒரு குண்டூசி. பறங்கிக்காயைத் தூக்கி வந்தவன் இரண்டாம் வகுப்பு முகிலன் (பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்). வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, மூச்சு வாங்க வந்து இறக்கினான்.

"முழுகும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

இரண்டு பேரைத் தவிர எல்லாருடைய கையும் மேலே. ஏன் என்று கேட்டேன். முகிலனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான்தானே தூக்கிட்டு வந்தேன் டீச்சர், என்னா கனம் தெரியுமா?"

குண்டூசி? அது மிதக்கும். இத்துணூண்டுதானே இருக்கிறது.

பறங்கிக்காயை விட்டோம். உள்ளே போய், தளும்பி, மேலே எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குண்டூசி நேராக அடிக்குப் போனது. (குண்டூசியை நுனி கீழே இருக்கும்படி விட வேண்டும். படுக்கை வாட்டில் மெதுவாக வைத்தால் சில சமயம் தண்ணீரின் மேல்பரப்பே அதைத் தாங்கிக்கொள்ளும். அது அருமையான விஷயம்தான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.) ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் கிளம்பிய கூச்சலில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு நொடி அமைதிக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். பறங்கிக்காய் மிதந்ததைப் பார்த்த பிள்ளைகள், "ஓ, கனத்தை வைத்துச் சொல்ல முடியாது போலிருக்கிறது" என்று ஒப்புக்கொண்டு புத்தகத்து விடைக்கு வந்து சேர்வார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஒருத்தரும் வர மாட்டார்கள். அவரவர் கையில் உடனே வேறு ஒரு காரணம் இருக்கும்.

"பறங்கிக்கா உருண்டையா இருக்கு டீச்சர், அதான்."

சரி, உருண்டையாக இருந்தால் மிதக்குமா? யாரிடமாவது கோலிக்குண்டு இருக்கிறதா? நான்கு பாக்கெட்டிலிருந்து ஏழு கோலி வந்தது. எல்லாம் மூழ்கின.

"அது கண்ணாடி. காயா இருந்தாத்தான் மிதக்கும்."

உருளைக்கிழங்கைப் போட்டோம். மூழ்கியது. முகிலன் விடவில்லை. "அது கிழங்கு டீச்சர். காய் இல்ல." அவன் சொன்னது தப்பே இல்லை. மண்ணுக்கு மேலே காய்ப்பது வேறு, கீழே விளைவது வேறு என்பது விவசாய வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? கத்தரிக்காய் மிதந்தது. வாழைக்காய் மிதந்தது. கேரட் மூழ்கியது. அதுவும் மண்ணுக்குள் விளைவதுதான். முகிலன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஜெயித்தவனின் பார்வை.

நான் ஆசிரியையாகி முதல் பத்து வருடம் இந்தப் பாடத்தை வேறு மாதிரிதான் நடத்தினேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் மிதப்பவை, வலப்பக்கம் மூழ்குபவை. இலை, காகிதம், மரக்கட்டை, தெர்மாகோல் ஒரு பக்கம். கல், சாவி, நாணயம், ஆணி இன்னொரு பக்கம். பொருட்களைக் கொண்டுபோய்ப் போட்டும் காட்டினேன். பிள்ளைகளும் பார்த்தார்கள், எழுதினார்கள், தேர்விலும் சரியாகவே எழுதினார்கள். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்தப் பட்டியலில் இருந்த பொருட்கள் எல்லாமே, கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்ற பிள்ளைகளின் பழைய நினைப்பைக் கெட்டிப்படுத்தும் பொருட்கள். கையால் செய்தது உண்மை. கண்ணால் பார்த்தது உண்மை. ஆனால் தலைக்குள் ஒன்றும் அசையவில்லை. பட்டியலில் ஒரு பறங்கிக்காய் இருந்திருந்தால் போதும்.

செய்முறை வைத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்று சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். எந்தப் பொருளை, எந்தப் பேச்சுக்குப் பின்னால் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தை ஒரு காரணம் சொல்கிறது. அந்தக் காரணத்தோடு மல்லுக்கட்டக்கூடிய அடுத்த பொருள் எது? நான் வாயால் "அது தப்பு" என்று சொன்னால் அது என் பேச்சு. கோலிக்குண்டு அடியில் போய் உட்கார்ந்தால் அந்தக் குழந்தை கோலிக்குண்டோடுதான் வழக்காட வேண்டும். அந்த வழக்கில் பயம் கிடையாது. டீச்சரிடம் தோற்றால் அழுகை வரும், கோலிக்குண்டிடம் தோற்றால் சிரிப்புதான் வரும்.

மறுபடி அன்னக்கூடைக்கு வருகிறேன். அன்றைக்கு யாழினி என்ற மூன்றாம் வகுப்புப் பெண் வெளியே ஓடிப்போய், இடிந்த மதில் ஓரத்திலிருந்து ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்து போட்டாள். அது மூழ்கியது. ஆனால் மூழ்கிய இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் குனிந்துவிட்டார்கள். தலையோடு தலை முட்டுகிறது.

"மூச்சு விடுது டீச்சர்!"

"செங்கலுக்கு ஏதுடி மூச்சு? உள்ள இருந்த காத்து வெளிய வருது."

"காத்து போயிடுச்சு, அதான் முழுகிடுச்சு."

பாருங்கள், கனம், உருண்டை, காய், கிழங்கு என்று அலைந்தவர்கள் ஒரு செங்கல் துண்டால் காற்றுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே காற்று இருந்தால் மிதக்கும். பறங்கிக்காயைத் தட்டிப் பார்த்தார்கள், டொக் டொக் என்றது. "உள்ள கூடு டீச்சர்." மறுநாள் ஓர் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். தோலோடு மிதந்தது. தோலை உரித்துப் போட்டால் மூழ்கிவிட்டது. உரித்தால் எடை குறைகிறது, குறைந்த எடையோடு மூழ்குகிறது! தோலின் உட்பக்கத்து வெள்ளைப் பஞ்சைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இதுலதான் காத்து" என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய அளவுக்குச் சரியான தீர்ப்பு. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மேசை இழுப்பறையில் ஒரு மெழுகுவர்த்தி கிடந்தது. அதில் கூடும் இல்லை, பஞ்சும் இல்லை, கெட்டியான மெழுகு. அதைப் போட்டேன். மிதந்தது.

யாழினி அதை எடுத்து, இரண்டாக ஒடித்து, உடைந்த இடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அடர்த்தி என்ற சொல்லை அந்த இடத்தில் கொடுக்கலாம்தான். கொடுத்தால் யாழினி மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிடுவாள். அந்தச் சொல் எப்படியும் மேல்வகுப்பில் வரும். உடைந்த மெழுகுவர்த்தியைக் கையில் வைத்திருந்த ஒரு பிள்ளையைத் தேடி அது வரட்டும்.

அடுத்த வாரம் கோதுமை மாவு பிசைந்து எடுத்துப் போனேன். களிமண்ணில் செய்யலாம், ஆனால் ஆற்றுக் களிமண் தண்ணீரில் கரைந்து கலங்கிவிடும், எதுவும் தெரியாது. சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, மேலே எண்ணெய் தடவினால் ஒரு மணி நேரம் தாங்கும். ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டை. உருண்டை மூழ்கும், எல்லாரும் பார்த்தாயிற்று. இதே மாவை மிதக்க வைக்க முடியுமா? கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது.

பாம்பு செய்தார்கள், மூழ்கியது. நான்கு துண்டாகப் பிய்த்தார்கள், நான்கும் மூழ்கின. தோசையாகத் தட்டினார்கள், அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே கீழே போனது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. வகுப்பில் செழியன் என்று ஒரு பையன். முதல் வகுப்பு. வாயே திறக்க மாட்டான், வருகைப் பதிவுக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவான். அவன் தன் தோசையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஓரத்தை விரலால் சுற்றி வர மேலே தூக்கிக்கொண்டே வந்தான். என்ன பண்றே என்று பக்கத்திலிருந்தவள் கேட்டதற்கு, "வரப்பு கட்டுறேன்" என்றான்.

வயலுக்குள் தண்ணீர் நிற்க வரப்பு. இவன் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வரப்புக் கட்டினான். மெதுவாக வைத்தான். மிதந்தது. அப்புறம் அந்த அறையில் 24 வரப்புகள். அதற்குள் எத்தனை புளியங்கொட்டை ஏற்றலாம் என்று போட்டி. ஒருத்தியின் படகு 31 கொட்டை வரை தாங்கியது. ஏன் உன்னுடையது அதிகம் தாங்குகிறது என்று மற்றவர்கள் அவளைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. "வரப்ப ஒசத்தமா கட்டு, தரைய அகலமா வையி" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல் கட்டுகிறவர்கள் யோசிப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

எல்லா நாளும் இப்படி அமையாது. ஒருமுறை காந்தம் செய்தோம். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் நாலைந்து வாங்கி வந்திருந்தேன். பளபளவென்று இருந்தால் ஒட்டும் என்றார்கள். பித்தளைச் சாவியைக் கொடுத்தேன், ஒட்டவில்லை. 10 ரூபாய்க் காசு ஒட்டவில்லை, 1 ரூபாய்க் காசு ஒட்டியது. அப்போது ஒருவன் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, இது ஒட்டுமா என்றான். எவர்சில்வர் ஒட்டாது என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவன் காந்தத்தை வைத்தான். பச்சென்று ஒட்டியது. பக்கத்துப் பிள்ளையின் தட்டில் வைத்தான். ஒட்டவில்லை. இரண்டும் எவர்சில்வர்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டீச்சருக்குத் தெரியல, வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். எவர்சில்வர் என்பதே குரோமியம் கலந்த இரும்பு என்பதும், போதிய அளவு நிக்கல் சேர்த்த வகையைக் காந்தம் இழுக்காது, நிக்கல் சேர்க்காத வகையை இழுக்கும் என்பதும் அன்றிரவுதான் எனக்குத் தெரியும். மறுநாள் அவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளியின் மொத்தத் தட்டுகளையும் ஒட்டும் தட்டு, ஒட்டாத தட்டு என்று இரண்டாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அன்று முதல் நான் முந்திக்கொண்டு சொல்வதில்லை. தெரிந்தாலும் சொல்வதில்லை. இது எளிது என்று நினைக்காதீர்கள். குழந்தை தப்பாகச் சொல்லும்போது திருத்தாமல் இருப்பது, கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டு அடுப்பை அணைக்காமல் நிற்பது மாதிரி. கை பரபரக்கும்.

சில கேள்விகளுக்கு அடுத்த பொருள் என்பது ஒரு வாரப் பொறுமைதான். பச்சைப்பயறு முளைக்க வெயில் வேண்டும் என்றார்கள். ஈரப் பஞ்சில் கொஞ்சம் பயற்றை ஜன்னலிலும் கொஞ்சத்தைப் பீரோவுக்குள்ளும் வைத்தோம். இரண்டு நாளில் இரண்டிலும் முளை விட்டிருந்தது. உடனே, "அப்ப செடிக்கு வெயிலே வேணாம்" என்று ஒரு கட்சி கிளம்பியது. நான் பீரோவை மூடி வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், உள்ளே இருந்தவை ஜன்னல் செடிகளைவிட உயரம். ஆனால் வெளுத்து, மஞ்சள் பூத்து, நிற்க முடியாமல் துவண்டு கிடந்தன. "வெளிச்சத்தத் தேடித் தேடி நீண்டுடுச்சு போல" என்றாள் ஒருத்தி. மண்ணில் போட்ட விதைகள் மட்டும் கடைசிவரை முளைக்கவே இல்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் ஒருவர் மாற்றி ஒருவர் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் கண்ணாடிப் பாட்டிலின் ஓரத்தை ஒட்டித்தான் விதை போடுகிறோம். வேர் எந்தப் பக்கம் போகிறது என்று தோண்டாமலே தெரியும்.

இதையெல்லாம் நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து, தாங்களே எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதும் முறை. 2002இல் அரசு அதை நிறுத்தியது. அந்தத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்துச் செய்து காட்டிய பொம்மைகள் இன்று நம் ஊர்ப் பயிற்சிகள் வரை வந்திருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்க நண்பர்கள் நடத்திய ஒரு பயிற்சியில்தான் நான் முதலில் ஒரு தீக்குச்சி முக்கோணத்தைக் கையில் பிடித்தேன். நம் மாநிலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் எல்லா ஊருக்கும் வந்த செயல்வழிக் கற்றலும் எனக்குப் பெரிய உதவி. பிள்ளைகளோடு பாயில் உட்காரவும், மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பதறாமலிருக்கவும் அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அதில் அடுத்த படி என்ன என்பது பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் அட்டையில் அச்சாகியிருந்தது. இங்கே அடுத்த படி குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அச்சடித்து வைக்க முடியாத ஒன்று இது.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். பல பள்ளிகளில் எரிமலை செய்வார்கள். ஆப்பசோடாவும் வினிகரும் சிவப்புச் சாயமும். பொங்கி வழியும், கைதட்டல் கேட்கும், ஒரு பிள்ளை மனப்பாடம் செய்த விளக்கத்தை ஒப்பிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் யாரும் முன்கூட்டி எதையும் நினைக்கவில்லை, யாருடைய நினைப்பும் உடையவில்லை. அந்த நாள் யாருக்காகவோ அந்த சி.வி. ராமன் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது கடலின் நீலத்தைப் பார்க்கிறார். வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெரிய மனிதரின் விடை. ராமன் கையில் நிகோல் பட்டகம் என்ற சிறு படிகக் கருவி இருந்தது. அதன் வழியே சரியான கோணத்தில் பார்த்தால் தண்ணீரின் மேல்பரப்பில் பிரதிபலித்து வரும் ஒளி மறைந்துவிடும். வானத்தின் நீலம்தான் என்றால் கடலின் நிறமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் ஆழமான நீலமாகத் தெரிந்தது. ஒருவர் சொன்ன காரணத்துக்கு எதிரே சரியான அடுத்த பொருளை வைத்தார், அவ்வளவுதான். என் வகுப்பில் அந்த வேலையைச் சில நேரம் ஒரு மெழுகுவர்த்தி செய்கிறது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். நேரம் போகும். ஒரு பாடத்துக்கு மூன்று வாரம் ஆகிவிடும். பாய் நனையும், சட்டை நனையும், வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து சத்தம் போடுவார். ஒருமுறை வகுப்பைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு இரைச்சலுக்கு இதில் ஒன்றுமே எழுதவில்லையே" என்றார். அன்றைக்கு மனசு சங்கடப்பட்டது. யோசித்தபோது அவர் கேட்டதில் பாதி நியாயம் இருப்பதாகப் பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தை நடுவில் மடித்து, போடுவதற்கு முன் நினைத்ததை ஒரு பக்கமும் பார்த்ததை மறுபக்கமும் படமாக வரைகிறார்கள். எழுதத் தெரியாத பிள்ளைக்கும் அது முடியும். ஒரே ஒரு விதி: முன்னால் வரைந்ததை அழிக்கக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவரத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும் எல்லாரும் அழிரப்பரைத் தேடினார்கள். இத்தனை சின்ன வயதிலேயே தன் நினைப்பை அழித்துவிட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான். சிவப்பு மையால்.

அந்த ஆகஸ்டில் நிழலும் அளந்தோம். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைப்பது. எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள், மதியம் 12 மணி தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது ஒரு வாரம் முன்னதாக 18ஆம் தேதி வாக்கில் வந்துவிடும். நிழல் எப்போதும் பக்கத்தில்தான் விழும் என்று பந்தயம் கட்டியவர்கள், அன்று குச்சியைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். "டீச்சர், நிழல காணும்!" செழியன் குச்சியை விட்டுவிட்டுத் தன் காலடியைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் காலைத் தூக்கினான். தூக்கிய காலுக்கு நேர் கீழே அவன் நிழல் இருந்தது.

முட்டை கதையோடு முடிக்கிறேன். அன்னக்கூடைப் பாடத்தின் மூன்றாவது வாரத்தில் சத்துணவு முட்டை ஒன்றையும் பச்சையாகப் போட்டுப் பார்த்திருந்தோம். மூழ்கியது. எல்லாரும் ஒப்புக்கொண்டு வரைந்தும் ஆயிற்று. இரண்டாம் வகுப்பு வளர்மதி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க தாத்தா முட்டைய மிதக்க விடுவாரு" என்றாள். பொய் என்று நாலு பேர் கத்தினார்கள். அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, சொல்லவில்லை. தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு அவர் வந்தார். சம்பாவுக்கு நாற்று விடும் நேரம் அது. ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, மறு கையில் விதை நெல் பை, துண்டில் முடிந்த கல்லுப்பு. வாளியில் 10 லிட்டர் தண்ணீர் பிடித்தோம். முட்டையை விட்டார், அடியில் போய்ப் படுத்தது. "பாத்தியா" என்றான் முகிலன். தாத்தா அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, கையில் உப்பை அள்ளிக் கொடுத்தார். போடு. கலக்கு. போடு. பிள்ளைகள் கைப்பிடியை எண்ணினார்கள். ஏழெட்டுப் பிடி வரை ஒன்றுமில்லை. அப்புறம் முட்டை, தூக்கத்தில் புரள்வது மாதிரி ஒரு நுனியைத் தூக்கியது. இன்னும் உப்பு. எழுந்து நின்றது. இன்னும் உப்பு. மெல்ல மேலே வந்து, தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"நாலணா அளவு தெரியணும். அதான் கணக்கு" என்றார்.

நாலணா என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. 2011லேயே 25 காசு செல்லாமல் போய்விட்டது, இவர்கள் அதற்கப்புறம் பிறந்தவர்கள். அவர் சுருக்குப்பையைத் திறந்து, பழைய வெள்ளைக் காசு ஒன்றை எடுத்து முட்டையின் மேல் தெரிந்த வட்டத்துக்கு நேராகப் பிடித்தார். சரியாக இருந்தது. ஒன்றரைக் கிலோ உப்புக்குப் பக்கத்தில் செலவாகியிருந்தது. முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டினார். பதரும் அரைவிளைச்சலும் மேலே வந்தன. அவற்றை வழித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கிய நெல்லை எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினார். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும் என்றார். "மொதல்ல வெறும் தண்ணியில போட்டா அரைவெளச்சலும் கூட முழுகிடும்ப்பா. தண்ணியக் கனமாக்கணும். அப்பத்தான் எது முத்துன நெல்லுன்னு தெரியும்."

தண்ணீரைக் கனமாக்க வேண்டும். மூன்று வாரமாகப் பொருளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீரை மாற்றலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. யாழினியைப் பார்த்தேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது.

"தாத்தா, இந்தத் தண்ணியக் கொட்டிடாதீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், உருளைக்கெழங்கு?"

வாசல்படியில் உட்கார்ந்திருந்த அக்கா அதற்குள் எழுந்து போயிருந்தார். கழுவிய கிழங்கு ஒன்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"முழுகும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றேன்.

முகிலன் தூக்கினான். அவனோடு ஒன்பது பேர். கொஞ்சம் யோசித்துவிட்டு, தாத்தாவும் தூக்கினார்.